நாலு மூலைக்கல்

அந்த வீடியோவை எடுத்தது நான்தான் மேடம். சென்னையில் பார்த்துவிட்டுக் கண் கலங்கியது என்றீர்களே, அதே வீடியோ. நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே கமெண்டில் எல்லாரும் தனக்கொடி பெரியம்மாவைத்தான் புகழ்ந்திருக்கிறார்கள். எடுத்தவள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பரவாயில்லை, நான் அதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் இல்லை.

அண்ணே, அந்த வேகத்தடையில் மெதுவாப் போங்க. அதைத் தாண்டினால் நாலு கிலோமீட்டர். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். அங்கே இறங்கியதும் நீங்கள் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது பாருங்க, அதற்காகத்தான். ஆபீசில் இதெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்வேன். எனக்குப் பொய் வராது.

பொய் வராததால்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். பதினொன்றாம் வகுப்பு. பிசிக்ஸ் சார் பாடமே நடத்த மாட்டார், கரும்பலகையில் நோட்ஸ் எழுதிப் போட்டுவிட்டு ஃபோன் பார்ப்பார். "உங்களுக்கே புரியல போல சார்" என்றேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அப்பா வரவில்லை. நானும் போகவில்லை. என் பெயர் சௌபர்ணிகா. ஊரில் சவுக்கு என்பார்கள். வாயைத் திறந்தால் பட்டுப் பட்டென்று விழுமாம்.

நின்ற ஒரு மாசத்தில் இந்த வேலை வந்தது. டிஜிட்டல் தோழி. பதினேழு வயதில் எனக்கு ஒரு டேப்லெட், ஒரு நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை. விவசாயம் செய்கிற பொம்பளைகளைச் சேவை மையத்தில் உட்கார வைத்து வீடியோ போட்டுக் காட்ட வேண்டும். பார்த்து முடித்ததும் மூன்று கேள்வி வரும். அவர்களே தொட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

தொடுவது எங்கே? களை வெட்டி வெட்டி விரலெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. டேப்லெட்டுக்கு அது விரல் என்றே தெரியாது. அஞ்சலை அக்கா பத்துத் தடவை குத்தும், ஒன்றும் நடக்காது. "உனக்கு விரல் செத்துப்போச்சுக்கா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சலை அக்காவும் சிரித்தது. "செத்த விரலாலதான்டி உனக்குச் சோளம் வெளையுது" என்றது.

அவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும். வீடியோவில் ஒரு அம்மா, மடிப்புக் கலையாத சேலை, கையில் உறை, முகத்தில் பவுடர், மருந்து அடித்துக்கொண்டே சிரிக்கும். "இவ கொல்லைக்கு வந்தாளா, வளைகாப்புக்கு வந்தாளா?" என்று ஒருத்தி. "மருந்தடிக்கையில சிரிச்சா வாய்க்குள்ளல்ல போவும்" என்று இன்னொருத்தி. கொல்லை என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம் மேடம். கரிசல். மக்காச்சோளம், பருத்தி. நான் கத்துவேன், "பேசாமப் பாருங்க, கேள்வி வரும்" என்று. "வந்துட்டாம்மா டீச்சரு. பன்னண்டு முடிக்காத டீச்சரு." அதை யார் சொன்னது என்று இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை விடுங்க.

தனக்கொடி பெரியம்மா மட்டும் பேசாது. கடைசியில் உட்கார்ந்து முழுசாகப் பார்க்கும். மூன்று கேள்விக்கும் சரியாகச் சொல்லும். ஏனென்றால் அதற்கு எல்லாம் முன்னாலேயே தெரியும். போன வருஷம் ஊர் பூராவும் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றது. குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளேயே தின்னும், மருந்து உள்ளே இறங்காது. பெரியம்மா மணலில் சுண்ணாம்பைக் கலந்து, ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாக ஒவ்வொரு குருத்திலும் போட்டது. ஒன்றரை ஏக்கர் பூராவும், குனிந்து குனிந்து. அதன் சோளம் மட்டும் பச்சென்று நின்றது.

எனக்கு மேலே இருந்து அழுத்தம். ஒவ்வொரு தோழியும் ஒரு முன்னோடி விவசாயியைக் காட்ட வேண்டும். அவரை வைத்து ஒரு வீடியோ எடுக்க வேண்டும். ஐப்பசிக்குள் எடுக்காவிட்டால் டேப்லெட்டை வாங்கிக்கொள்வோம் என்று ஃபீல்டு ஆபீசர் சொல்லிவிட்டார். பெரியம்மாவிடம் போனேன்.

"வேணாம் கண்ணு" என்றது. "நான் பாக்குறேன், கேக்குறேன். பேரெழுதுறது, படம் புடிக்கிறதெல்லாம் வேணாம்."

ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா, அதனால் சொல்கிறேன். அந்தக் கொல்லை பெரியம்மாவின் மாமனார் பெயரில் இருக்கிறது. அவர் செத்துவிட்டார். பெரியம்மாவின் வீட்டுக்காரரும் கிணறு ஆழப்படுத்தும்போது கயிறு அறுந்து செத்தார், பத்து வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது கொழுந்தன், ராமஜெயம் சித்தப்பா. பாகம் பிரிக்கவே இல்லை. "அண்ணி உழுது சாப்புடட்டும்" என்று ஒன்றரை ஏக்கரை விட்டிருந்தார். யாரும் எதுவும் கேட்காத வரைக்கும் அது ஓடும். பெரியம்மாவும் கேட்காது. யாராவது "உன் சோளம் நல்லா இருக்கே" என்றால்கூட, "எங்க கொழுந்தன் கொல்லை, வெளையாம என்ன" என்றுதான் சொல்லும். ஒன்பது வருஷமாக அப்படி நாக்கை அடக்கி வைத்திருந்தது.

இன்னொன்று. எங்கள் ஊரில் கொல்லை எல்லையில் இருக்கிற மூலைக்கல்லைச் சும்மா தொட மாட்டார்கள். அதில் ஆட்டைக்கூடக் கட்ட மாட்டார்கள். பாகம் பிரிக்கிற அன்றைக்கு, ஐந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பங்கு வாங்குகிறவர் நாலு கல்லிலும் கை வைத்துச் சுற்றி வருவார். பத்திரமெல்லாம் பிறகுதான். கல்லில் கை வைத்தால் பங்கு கேட்டாயிற்று என்று அர்த்தம். எனக்கும் அது தெரியும். தெரியாது என்று நான் சொல்லவே இல்லையே. ஆனால் டேப்லெட்டில் எடுக்கிற போட்டோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க.

இங்கே வலது பக்கம் அண்ணே. அந்தத் தண்ணித் தொட்டியை ஒட்டி.

பெரியம்மா நாலு நாளாக வேணாம் வேணாம் என்றது. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சேவை மையத்தில் பதினோரு பொம்பளைகள் இருந்தார்கள். பெரியம்மாவின் மகள் ஓவியாவும் சீருடையோடு வாசலில் நின்றாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக. ஓவியா என் கூடப் படித்தவள். ஒரே பெஞ்ச். அவள் பன்னிரண்டு போய்விட்டாள், நர்சிங் படிக்கப் போகிறாளாம். நான் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

"பெரியம்மா, ஒம்பது வருஷமா மாடு மாதிரி பாடுபடுற. உன் பேரு எங்கயாவது இருக்கா? நாளைக்குக் கொழுந்தன் கெளம்புன்னு சொன்னா ஓவியாவக் கூட்டிக்கிட்டு எங்க போவ? பிச்சைச் சோறுதான தின்னுக்கிட்டிருக்க? அதுல உனக்கு என்ன பெரிய மானம்?"

அஞ்சலை அக்காதான், "ஏ சவுக்கு, வார்த்தைய அளந்து பேசுடி" என்றது. நான் அளக்கவில்லை. உண்மையை ஏன் அளக்க வேண்டும்? ஓவியா என்னையே பார்த்தாள். பெரியம்மா மகளைப் பார்த்தது. பிறகு எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டது.

"வா. எங்க நிக்கணும்னு சொல்லு."

நான் சொன்னது அப்படியே நடந்ததா இல்லையா மேடம்? பிறகு சொல்கிறேன் கேளுங்க, நடந்தது. அப்படியென்றால் அன்றைக்கு நான் சொன்னது சரிதானே?

கொல்லைக்குப் போனோம். முதலில் ஆப்பில் பதிவு. நிலம் யாருடையது என்று கேட்கும். சொந்தம், குத்தகை, கூலி. மூன்றே மூன்றுதான். குத்தகை என்றால் பேப்பர் கேட்கும். கூலி என்றால் வீடியோ பகுதியே திறக்காது. சொந்தம் என்று அழுத்தினேன். அது பொய் இல்லை. உழுவது, விதைப்பது, அறுப்பது எல்லாம் அதுதானே.

அப்புறம் நாலு மூலையிலும் விவசாயி நிற்கிற போட்டோ. முதல் மூலையில் பெரியம்மா கல்லை விட்டு நாலடி தள்ளி நின்றது. ஆப் ஏற்கவில்லை. மூலை தெளிவாக இல்லை என்று சிவப்பாக வந்தது. கிட்டே வா என்றேன். இரண்டடி வந்தது. மறுபடியும் சிவப்பு. வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது. நான் போய் அதன் கையைப் பிடித்து இழுத்துக் கல் மேல் வைத்தேன். "ஆடாம இரு" என்றேன். கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. ஆனால் பச்சை வந்துவிட்டது. மற்ற மூன்று கல்லிலும் நான் இழுக்கவில்லை, "கை, கை" என்று சொன்னேன், அதுவே வைத்தது.

வீடியோதான் பெரிய தொல்லை. ஆபீசில் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. "வணக்கம். என் பெயர் தனக்கொடி. இது என் நிலம்." அதற்கப்புறம் மணல், சுண்ணாம்பு, குருத்து. மணலைப் பற்றி மழை மாதிரிப் பேசியது. அந்த "என் நிலம்" மட்டும்தான் வரவில்லை. "இது எங்க வீட்டுக் கொல்லை" என்றது. கட். "இது எங்க மாமனார் நெலம்" என்றது. கட். "இது வந்து..." என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தது, யாராவது நிற்கிறார்களா என்று. கட். ஏழு டேக் மேடம். ஏழு. ஆறாவது டேக்கில் நான் டேப்லெட்டைத் தரையில் வைத்துவிட்டு, "சொல்றதுக்கே இவ்வளவு பயமா இருந்தா நீ எதுக்குத்தான் உசுரோட இருக்க?" என்றேன்.

ஏழாவதில் சொன்னது. திக்காமல் சொன்னது. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வந்தது பாருங்க, அதைத்தான் நீங்கள் பார்த்துக் கலங்கினீர்கள். போட்டுக் காட்டு என்று அதுவே கேட்டது. மூன்று தடவை கேட்டது. "நான்தான் பேசுனனா கண்ணு?" என்று அதன் கன்னத்தை அதுவே தொட்டுப் பார்த்தது. அதற்கப்புறம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளைங்களுக்கு மட்டும் காட்டு. ஊர் குரூப்புல மட்டும் போட்டுடாத" என்றது. சரி என்று தலையை ஆட்டினேன். வாயால் நான் சொல்லவில்லை.

ஆபீசில் பின்னணி இசையெல்லாம் சேர்த்து அனுப்ப ஒரு மாசம் ஆகிவிட்டது. நாலு மூலைப் போட்டோவையும் கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். முதல் வாரத்தில் நூறு பேர் பார்த்தால்தான் வீடியோ நிற்கும், இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள். நான் காட்டுகிற பொம்பளைகள் பதினோரு பேர். நூறுக்கு எங்கே போக? ஊர் குரூப்பில் போட்டேன். சாயங்காலத்துக்குள் இருநூறு.

ராமஜெயம் சித்தப்பா அந்தக் குரூப்பில் இருக்கிறார். ஆனால் அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே டீக்கடையில் கேட்டுவிட்டார்கள்.

"என்ன ராமஜெயம், அண்ணிக்குப் பாகம் பிரிச்சாச்சு போல?"

"ஊர்ல அஞ்சு பேரக் கூப்புடாம ஃபோன்லயே முடிச்சிட்டீங்களேய்யா. ஒரு டீயாவது வாங்கித் தரலாம்ல."

"கல்லத் தொட்டுக்கிட்டு என்னமா சிரிக்கிது அந்தம்மா!"

மறுநாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. அம்மா தண்ணீர் கொடுத்தது, வாங்கிக் கீழே வைத்துவிட்டார். அவருக்குப் பின்னால் பெரியம்மா நின்றது. காலில் செருப்பு இல்லை.

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அண்ணி நாலு கல்லுலயும் கை வச்சிருக்காங்க. நீ சொல்லித்தான் வச்சேன்னு சொல்றாங்க. நீ சொன்னியா? ஆமான்னா, ஏதோ படம் புடிக்கிற கூத்துன்னு நான் போயிட்டே இருப்பேன். டீக்கடையில கேக்குறவனுக்கும் அதையே சொல்லி வாயை அடச்சிடுவேன்."

யோசித்துப் பாருங்க மேடம். விவசாயியை வற்புறுத்தக் கூடாது என்று எங்களுக்கு முதல் நாளே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவருடைய சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. ரெக்கார்டு ஓடுகிறதா இல்லையா, யாருக்குத் தெரியும்? புகார் போனால் டேப்லெட் போகும், கோட்டு போகும். அப்புறம் நானும் களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அஞ்சலை அக்கா பின்னால் போக வேண்டியதுதான்.

"நான் போட்டோதான் சித்தப்பா எடுத்தேன்" என்றேன். "கை அவங்களோடது."

பெரியம்மா, "கண்ணு" என்றது. அது மட்டும்தான். மறுபடி ஒரு தடவை, "கண்ணு, சொல்லு" என்றது.

நான் சொல்லிவிட்டேனே. அதில் என்ன பொய் இருக்கிறது? கை அதோடதுதானே?

"சரி" என்றார் சித்தப்பா. "அவங்க கேட்டுட்டாங்க. நானும் பதில் சொல்லிடுறேன்."

அடுத்த நாள் டிராக்டர் வந்தது. சோளம் பூ எடுத்துக் கதிர் பிடிக்கிற நேரம், என் நெஞ்சுயரம் நின்றது. சித்தப்பா ரொட்டோவேட்டரை, அதான் சுழல் கலப்பையை, இறக்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பச்சைச் சோளத்தை அரைத்தால் ஒரு வாசனை வரும், இனிப்பாக. ஊர் பூரா அடித்தது. வரப்பில் எல்லாரும் நின்றார்கள், ஒருத்தரும் குறுக்கே போகவில்லை. போய் என்ன சொல்வது? பட்டா அவர் அப்பா பெயரில். ஓவியாதான் டிராக்டர் முன்னால் ஓடினாள், அஞ்சலை அக்கா இழுத்துப் பிடித்துக்கொண்டது. பெரியம்மா அழவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கல்லை விட்டு நாலடி தள்ளி நின்றது. அன்றைக்கு நின்ற அதே இடம்.

நான் என் வேலையைச் செய்தேன். ஆப்பில் பயிர்ச் சேதம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பதிந்தால் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான் மேடம். சேதத்துக்குக் காரணம் கேட்டது. பூச்சி, வறட்சி, வெள்ளம், விலங்கு. கொழுந்தன் என்று இல்லை. விலங்கு என்று போட்டேன்.

பணம் எதுவும் வரவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு வீடியோ வந்தது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காப்பாற்றுவது எப்படி. பதிவு செய்த விவசாயி பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் எனக்குச் சிவப்புக் காட்டும். அதன் வீட்டுக்கே போய்ப் போட்டுக் காட்டினேன். முழுசாகப் பார்த்தது. மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னது. நல்ல மூளை அதற்கு.

ஓவியா பரீட்சை எழுதவில்லை. திருப்பூர் பக்கம் ஏதோ மில்லில் இருக்கிறாளாம், மூன்று வருஷம் முடித்தால்தான் விடுவார்களாம். என் நம்பரைப் பிளாக் செய்துவிட்டாள். என் மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை. டிராக்டரை நானா ஓட்டினேன்? இப்போது அவளும் பன்னிரண்டு முடிக்கவில்லை. எனக்காவது டேப்லெட் இருக்கிறது.

பொம்பளைகள் இப்போதும் சேவை மையத்துக்கு வருகிறார்கள். பார்க்கிறார்கள், பதில் தொடுகிறார்கள். முன்பு மாதிரிப் பேச்சு, சிரிப்பு எதுவும் இல்லை. அமைதியாக இருக்கிறார்கள். எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனால் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

சிறந்த தோழி விருது எனக்குக் கொடுத்தார்கள். அதைத்தான் நீங்கள் ஃபைலில் பார்த்திருப்பீர்கள்.

நிறுத்துங்க அண்ணே, இதுதான். புளியமரத்தடியில் போடுங்க.

இறங்குங்க மேடம், முள் இருக்கும், பார்த்து. அதோ, அந்தப் பருத்தி. ஆமாம், அதே ஒன்றரை ஏக்கர்தான். இந்த வருஷம் சித்தப்பா பருத்தி போட்டிருக்கிறார். களை வெட்ட ஆறு பேர். நடுவில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்திருக்கிறதே, அதுதான். சித்தப்பாவே கூப்பிட்டுக் கூலி கொடுக்கிறார். அவருக்கும் மனசு இருக்கிறது பாருங்க.

பெரியம்மா! ஏ பெரியம்மா! இங்க வா! உன்னப் பாக்கத்தான் சென்னையிலேருந்து வந்திருக்காங்க!

வருகிறது. கூப்பிட்டால் வந்துவிடும், முரண்டெல்லாம் பிடிக்காது. நீங்கள் ஃபோனை எடுத்து வைத்துக்கொள்ளுங்க மேடம். ஒரு வருஷத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்று எடுக்கத்தானே வந்தீர்கள்? வெளிச்சம் இப்போது நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கம் நில்லுங்க, கல் தெரியட்டும்.

பெரியம்மா, பழைய மாதிரி நில்லு. கல்லுல கை வையி. அட, களைக்கொத்தக் கீழ போடேன். ரெண்டு கையாலயும் ஏன் அதைப் புடிச்சிக்கிட்டு நிக்கிற? சரி, போவுது, அப்படியே நில்லு. மேடத்தப் பாத்துச் சொல்லு. வணக்கம் சொல்லிட்டு, பேரு, நெலம். மறந்துட்டியா?

"வணக்கம். என் பேரு தனக்கொடி. இது ராமஜெயம் கொல்லை. நான் இங்க கூலிக்குக் களை வெட்டுறேன்."

கேட்டீங்களா மேடம்? திக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஏழு டேக், இன்றைக்கு ஒரே டேக். பழகினால் எல்லாம் வந்துவிடும்.

ஏன் மேடம், ஃபோனக் கீழ எறக்கிட்டீங்க? ரெக்கார்டு ஆவலியா?

பெரியம்மா, போவாத, நில்லு. இன்னொரு தடவ சொல்லு.